மழை என்று சொல்ல முடியாதவள்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய் திறக்கப்படுவதில்லை. மிக்சி போடப்படுவதில்லை. என் கணவர் வீட்டில் நின்றால், தும்முவதற்குக்கூட குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் தும்மவேண்டும். அந்த நேரத்தில்தான் மகளின் அழைப்பு வரும். இத்தாலியில், பலேர்மோவில் காலை எட்டு என்றால் அவள் இருக்கும் பப்புவா நியூகினிக் கிராமத்தில் பின்னேரம் ஐந்து. கிராமத்துக்குப் பின்னால் ஒரு குன்று இருக்கிறது. குன்றின் உச்சியில் ஒரு குறிப்பிட்ட மரம் இருக்கிறது. அந்த மரத்தின் ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் நின்றால் மட்டும் சிக்னல் கிடைக்கும். என் உயிர் ஒன்பது மாதமாக அந்த மரத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அவள் அங்கே போனது ஒரு மொழியைப் படிக்க. பெரிய மொழி இல்லை. அதைப் பேசுகிறவர்கள் எல்லாரையும் கூட்டி வந்தால் எங்கள் பங்குக் கோயில் வாங்குகளில் இருத்திவிடலாம், பாடகர் குழுவுக்கும் இடம் மிஞ்சும். எழுத்து இல்லை, அகராதி இல்லை. ஆற்றின் அடுத்த வளைவில் இருக்கும் ஊருக்கே அது விளங்காதாம். "அப்ப எதுக்கு அதைப் படிக்கிறாய்?" என்று கேட்டேன். "அம்மா, அதுக்காகத்தான்" என்றாள். பல்கலைக்கழகம் போன பிள்ளைகளிடம் இதற்கு மேல் கேட்க முடியாது.

நான் படிக்காதவள் இல்லை. மன்னாரில் இரண்டு வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். இங்கே ஒரு சின்யோராவின், இத்தாலிய எசமானியின், வீட்டில் உடுப்புகளுக்கு அயன் பிடிக்கிறேன். ஆனால் பயத்துக்கும் படிப்புக்கும் சம்பந்தம் இல்லை. பயணத்துக்கு அவளுடைய பையை மூன்று முறை அடுக்கினேன். மலேரியா மாத்திரை, நுளம்பு வலை, கறிக்குச் சரக்குத்தூள் இரண்டு பை, ஜெபமாலை, விசில்.

"விசில் எதுக்கு?"

"முதலை வந்தால் ஊது."

"ஊதினால் முதலை நிண்டு கேக்குமோ, அம்மா?"

போய் இரண்டாவது மாதமே அவளுக்கு அங்கே ஒரு தாய் கிடைத்துவிட்டாள். உறவில்லாத ஆள் அந்த ஊரில் இருக்க முடியாதாம். யாரோ ஒருவருக்கு மகளாகவோ தங்கையாகவோ இருந்தால்தான் மற்றவர்களுக்கு அவளோடு எப்படிக் கதைப்பது என்று தெரியும். என் வயதுப் பெண் ஒருத்தி இவளை மகளாக எடுத்துக்கொண்டாள். இவள் போய் இறங்கிய நாளில் கொட்டோ கொட்டென்று கொட்டியதால் அவர்கள் மொழியில் "மழை" என்று பெயரும் வைத்தாள். அந்த ஊரில் அது நல்ல, வழக்கமான பெயராம். அந்தச் சொல் எனக்குத் தெரியும். ஆனால் இங்கே எழுதமாட்டேன். காரணம் போகப்போகத் தெரியும்.

அந்தச் சொல் மட்டுமில்லை, இன்னும் முப்பது நாற்பது சொற்கள் எனக்குத் தெரியும். அவள் பதிவு செய்வதையெல்லாம் மாதம் ஒருமுறை பட்டணத்துக்குப் போய் எனக்கும் அனுப்புவாள். "அம்மா, எல்லாத்துக்கும் மூண்டு கொப்பி இருக்கோணும். என்னட்டை ஒண்டு, பேராசிரியரிட்டை ஒண்டு, உங்களிட்டை ஒண்டு." நான் அவற்றைக் கணினியில் போட்டுவிட்டு, கைத்தொலைபேசியிலும் போட்டு, சின்யோராவின் கணவருடைய சேர்ட்டுகளுக்கு அயன் பிடித்தபடி கேட்பேன். ஒரு கிழவர் பன்றி வேட்டையைப் பற்றிச் சொல்வார். பின்னால் கோழி கத்தும். என் மகள் திருப்பித் திருப்பி ஒரே கேள்வியைக் கேட்பாள். அந்தத் தாய் சிரிப்பாள். அவளுடைய சிரிப்பை நான் பலேர்மோவின் எந்தச் சந்தையிலும் கண்டுபிடித்துவிடுவேன். முதலில் ஒரு பெருமூச்சு, பிறகு ஒரு வாளித் தண்ணீர் கவிழ்ந்தது போல. இப்படியே கேட்டுக்கேட்டு, பிள்ளை, தாய், போ, வா, சாப்பிடு, ஆறு, நெருப்பு, இல்லை எல்லாம் தானாகவே மனதில் ஏறிவிட்டன. ஒருநாள் சின்யோராவிடம் அந்த மொழியில் "இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவ என்னை டாக்டரிடம் போகச் சொன்னா.

அங்கே பெயர்களால்தான் பெரிய கரைச்சல் என்று மகள் ஒருமுறை சொன்னாள். செத்தவரின் பெயரைப் பல மாதங்களுக்கு ஒருவரும் வாயால் சொல்லமாட்டார்களாம். பெயர்கள் எல்லாம் மழை, வாழை, தவளை போன்ற சாதாரணச் சொற்கள் என்பதால் அந்தச் சொல்லையும் விட்டுவிட்டுச் சுற்றிவளைத்துக் கதைப்பார்களாம். வேறு சில ஆட்களின் பெயரும் அப்படித்தான் என்று இன்னொன்றும் சொல்லத் தொடங்கினாள். சிக்னல் விட்டுவிட்டது. விடாமல் இருந்திருந்தாலும் நான் முதல் விஷயத்தைத்தான் ஞாபகம் வைத்திருப்பேன். என் மனம் அப்படிப்பட்டது.

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை அழைப்பு வரவில்லை.

மழையாக இருக்கும் என்றார் கணவர். பற்றரி போயிருக்கும் என்றாள் மேல்மாடிக்காரி. அவள் மொரிஷியஸ் தமிழ். கோயில் தமிழ் தவிர மற்றது தெரியாது, நாங்கள் இருவரும் கதைப்பது இத்தாலியனில்தான். பேராசிரியருக்கு எழுதினேன். அங்கே இப்படி நடப்பது வழக்கம், கவலைப்படவேண்டாம் என்று பதில் வந்தது. கவலைப்படவேண்டாம் என்று எழுதுகிறவர்களுக்கு விரல் வலிப்பதே இல்லை. அந்தக் கிழமை முழுக்க நான் முதலைகளைப் பற்றி வாசித்தேன்.

அடுத்த சனிக்கிழமை எட்டு மணிக்கு ஒன்றும் வரவில்லை. எட்டு இருபதுக்குத் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

எடுத்தேன். மகள் இல்லை. ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். சிரிப்பைத்தான் எனக்குத் தெரியும், ஆனாலும் குரல் அதேதான். கிராமத்தில் மகளைத் தத்தெடுத்த தாய்.

அவள் வேகமாகப் பேசினாள். நான் தெரிந்த சொற்களைப் பொறுக்கினேன். பிள்ளை. போனாள். ஆறு. பிள்ளை. போனாள். ஆறு. உன் பிள்ளை. தாய். ஆறு.

நான் மகளின் பெயரைச் சொன்னேன், அவள் வைத்த அந்த மழைப் பெயரை. மறுபக்கம் விம்மல் பாதியில் நின்றது. கையால் வாயைப் பொத்தியது கேட்டது. பிறகு "இல்லை, இல்லை, இல்லை" என்றாள். நான் மறுபடி சொன்னேன். அவள் நாக்கைத் தட்டிக்கொண்டு, அந்தப் பெயரை மட்டும் சொல்லாமல், "பிள்ளை, உன் பிள்ளை" என்று விம்மினாள்.

நாலு மாதமாக வாய் நிறைய அந்தப் பெயரைக் கூப்பிட்டவள். இப்போது அதை என் வாயிலிருந்து கேட்கவும் பயப்படுகிறாள்.

நான் கத்தினேன். எப்படிக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. கீழே பல்லாரோ சந்தையில் மீன்காரன் கூவுவதை நிறுத்தினான் என்று பிறகு சொன்னார்கள். எங்கள் ஊரில் செத்தவீட்டில் பெண்கள் எடுக்கும் அந்தக் குரல் எனக்குள் எங்கே இருந்ததோ, ஊரை விட்டு வந்து இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு முழுதாக வெளியே வந்தது. தொலைபேசியில் அந்தப் பெண்ணும் என்னோடு சேர்ந்து குரல் எடுத்தாள். இருவரும் பூமியின் இரண்டு பக்கத்திலிருந்து ஒப்பாரி வைத்தோம். பிறகு தொடர்பு அறுந்தது.

மேல்மாடிக்காரி இரவு உடுப்போடு ஓடிவந்தாள். கணவரைக் கூப்பிடு என்றாள். நகரத்துக்கு வெளியே சியாகுல்லித் தோட்டத்தில் பின்காய்ப்பு மாண்டரின் தோடம்பழம் பறித்து முடிகிற கிழமை, அவர் விடியவே போய்விட்டார். வேலை செய்யும்போது தொலைபேசியை ஜாக்கெட்டில் போட்டு வான் வண்டிக்குள் வைத்துவிடுவார். "வா" என்று என்னை அவளுடைய சின்னக் காருக்குள் தள்ளினாள். எங்கள் பகுதி அல்பெர்கேரியாவின் ஒழுங்கைகளிலிருந்து பின்பக்கமாகவே வெளியேறினோம். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவள் "முருகா!" என்றாள், ஆனால் நிற்கவில்லை.

தோட்டத்தில் இறங்கினால், எங்கு பார்த்தாலும் பச்சை மரங்கள், ஏணிகள், ஏணிகளில் கால்கள். தலைகள் இலைக்குள். கண்காணி எங்களை நோக்கி வந்தான். நடந்த உரையாடல் இத்தாலியனில்.

"ஆரைத் தேடுறீங்கள், சின்யோரா?"

"என்ரை புருஷனை."

"பேர்?"

"என்ரை புருஷன்."

"சின்யோரா, இஞ்சை நிக்கிற ஆக்களிலை முக்காவாசிப்பேர் ஆரோ ஒருத்தியின்ரை புருஷன்தான்."

"உயரம். தொப்பி போட்டிருப்பார்."

கண்காணி மரங்களைக் காட்டினான். எல்லாரும் தொப்பி. மேல்மாடிக்காரிக்குப் பொறுமை போய்விட்டது. "உன்ரை பிள்ளைக்கு என்னவோ நடந்திருக்கு, நீ இஞ்சை நிண்டு விடுகதை போடுறாய். பேரைச் சொல்லித் துலையன்!"

"நீ சொல்லு."

"எனக்கு எப்பிடித் தெரியும்? பத்து வருஷமாய் நீ 'அவர்' எண்டு மட்டும்தானே சொல்லுறாய்!"

உண்மைதான். எனக்கு வாய் வரவில்லை. அந்த நேரத்திலும் வரவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வழியில், தோட்டம் முழுக்கக் கேட்கும்படி, "இஞ்சேருங்கோ!" என்று கத்தினேன்.

நாலு மரங்களிலிருந்து நாலு பேர் "என்னப்பா?" என்றார்கள்.

நாலாவது குரல் அவருடையது. கத்தரிக்கோலோடு இறங்கி ஓடிவந்தார். "என்ன நீர் இஞ்சை? ஏன் வெறும் காலோடை நிக்கிறீர்?" அப்போதுதான் நான் செருப்புப் போடாததைக் கண்டேன். மற்ற மூவரும் தங்கள் பெண்டாட்டிகள் இல்லை என்று உறுதி செய்துகொண்டும் போகாமல் நின்றார்கள். நான் சொல்ல வாய் திறந்தேன். "பிள்ளை" என்பதற்கு மேல் வரவில்லை. அந்தச் சமயம் என் கையில் இருந்த தொலைபேசி அடித்தது. அதே இலக்கம்.

நான் எடுக்கவில்லை. எடுத்தால் உறுதியாகிவிடும். அவர் என் கையிலிருந்து வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா!" என்று மகள் கத்தினாள். "அம்மா, ஆர் செத்தது?"

நான் சொன்ன பதிலை என் கணவர் இன்றைக்கும் வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

"நீ!" என்றேன்.

"என்ன?"

"நீதான் செத்தாய்!"

"நான் இப்பதான் வள்ளத்தாலை இறங்கி, குன்று ஏறி வாறன், அம்மா! கரையிலை ஊரே நிண்டு அழுகுது. நீங்கள் செத்தவீட்டுக் குரல் எடுத்தனீங்கள் எண்டு இவ, இஞ்சத்தை அம்மா, சொல்லுறா. அங்கை ஆருக்கு என்ன? அப்பாவுக்கோ? அப்பா எங்கை?"

"நான் இஞ்சை, பிள்ளை" என்றார் அவர்.

மகள் அழத் தொடங்கினாள். நான் சிரிக்கத் தொடங்கினேன். அல்லது மறுவளமாக இருக்கலாம். மேல்மாடிக்காரி கண்காணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலை சுற்றியது. மரங்கள் எல்லாம் மெதுவாக இடமிருந்து வலமாகப் போயின. ஒவ்வொன்றிலும் நூறு விளக்குகள் போலப் பழங்கள். நான் மாண்டரின் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மெல்லமெல்ல விஷயம் வெளியே வந்தது. அந்தத் தாயின் சொந்த மகளுக்குக் கலியாணம். பெண்ணை வள்ளங்களில் ஏற்றி, ஆற்றோடு கீழே, மாப்பிள்ளையின் ஊருக்குக் கொண்டுபோனார்கள். பெண்ணின் தாய் கூடப் போவது அங்கே வழக்கமில்லை. வீட்டில் இருந்து அழுவதுதான் வழக்கம். பாட்டுகளைப் பதிவு செய்ய என் மகளும் வள்ளத்தில் ஏறினாள். ஏறும்போது தொலைபேசியை ஆற்றில் தவறவிட்டாள். "அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கோ, நான் சுகம் எண்டு" என்று என் இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தத் தாய், பட்டணம் போயிருந்த பள்ளிக்கூட ஆசிரியர் திரும்பி வந்த பிறகு அவருடைய தொலைபேசியை இரவல் வாங்கிக்கொண்டு குன்றில் ஏறி, தன் பிள்ளை ஆற்றோடு போய்விட்டாள், உன் பிள்ளையும் கூடப் போயிருக்கிறாள், ஒரு தாயின் துயரம் இன்னொரு தாய்க்குத்தான் தெரியும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள். நான் ஓலமிட்டதும், பாவம், இந்த வீட்டில் உண்மையிலேயே யாரோ செத்திருக்கிறார்கள் என்று இறங்கி ஓடி ஊரைக் கூட்டிவிட்டாள்.

"அப்பாவாத்தான் இருக்கும் எண்டு முடிவெடுத்திட்டினம்" என்றாள் மகள். "துக்கத்துக்குச் சேறு பூசியாச்சு. விருந்துக்குப் பண்டியும் கட்டியாச்சு."

நான் தொலைபேசியைப் பொத்திக்கொண்டு அவரிடம் சொன்னேன்: "அங்கை உங்களுக்குச் செத்தவீடு நடக்குதாம்."

"என்னைக் கேக்காமலோ?"

"பண்டியும் கட்டியாச்சாம்."

அவர் யோசித்தார். "அவிழ்த்துவிட வேண்டாம் எண்டு சொல்லும். அவ்வளவு பேர் எனக்காக அழுதிருக்கினம், சும்மா அனுப்பக்கூடாது." மற்ற மூன்று புருஷன்மாரும் தலையாட்டினார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் இன்னும் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. "எடியே, அவ ஏன் உன்ரை பேரைச் சொல்லேல்லை? நான் சொல்லவும் விடேல்லை. அதாலைதானே நான்..."

மறுபக்கம் மகளின் குரல் மாறிவிட்டது. அழுகை போய், பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தவளின் குரல். "அம்மா! அதைத்தான் சொல்ல வந்தனான்! மாப்பிள்ளையின்ரை தாய் இந்த ஊரிலை பிறந்தவ, அவவுக்கும் அதே பேர்! கலியாணம் முடிஞ்ச நேரத்திலை இருந்து சம்பந்தியின்ரை பேரை இவ வாயாலை சொல்லக்கூடாது. அந்தப் பேர் உள்ள வேறை ஆரையும் கூப்பிடவும் ஏலாது. அந்தச் சொல்லே போச்சு! இவ இனி சாகுமட்டும் மழையை மழை எண்டு சொல்ல ஏலாது, அம்மா! இஞ்சை ஒவ்வொரு நாளும் பெய்யுது! என்ன சொல்லப்போறா எண்டு நான் கொப்பியோடை பின்னாலை திரியப்போறன்!"

நான் பெட்டியின் மேல் இருந்தபடி என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரத் தொடங்கியிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் இருபத்தாறு வருடமாக அவருடைய பெயரைச் சொன்னதில்லை. ஒருவரும் தடுக்கவில்லை. அவரே பலமுறை "ஒருக்காச் சொல்லும் பாப்பம்" என்று கேட்டிருக்கிறார். என் தாய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒரு புனிதரின் பெயரை அவருக்கு வைத்துவிட்டார்கள். அதனால் செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்துக்குப் போகும்போதுகூட நான் "லில்லிப் பூ வைச்சிருக்கிறவரிட்டைப் போறன்" என்றுதான் சொல்வேன். எங்கள் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு யாரென்று தெரிந்திருக்கும், என் கையால் எழுதவும் மாட்டேன். க்வெஸ்தூராவில், பொலிஸ் அலுவலகத்தில், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போனால், கணவர் பெயர் என்ன என்று கேட்கிற இடத்தில் பத்திரத்தைத் தள்ளிவிட்டு விரலால் காட்டுவேன். அதிகாரிகள் எனக்கு இத்தாலியன் தெரியாது என்று நினைத்துச் சத்தமாகக் கேட்பார்கள்.

இப்படிப்பட்டவளுக்கு, உலகத்தின் மறுபக்கத்தில் ஒருத்தி ஒரு பெயரைச் சொல்லாமல் வாயைப் பொத்தியபோது, சாவைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை. அதையும் எங்கே உணர்ந்தேன்? "பேர்?" என்று கேட்ட கண்காணிக்கு முன்னால், சொல்ல முடியாமல் விழித்த அதே இடத்தில்.

மாதங்கள் போய்விட்டன. எல்லாரும் அதைச் சிரிப்பாகத்தான் சொல்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். ஆனால் தெரியாத இலக்கம் அடித்தால் இன்னும் சிலுவை போட்டுக்கொண்டுதான் எடுக்கிறேன். மின்சாரக் கொம்பனி விளம்பரக்காரன் ஒருவன் "புவோன்ஜோர்னோ" என்று வணக்கம் சொன்னதற்கு நான் அழுதுவிட்டேன். அவன் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டான். பதிவுகளை இப்போது மூன்று இடத்தில் இல்லை, ஐந்து இடத்தில் வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியாது.

தோட்டத்துக்கு ஓடிய நாளுக்கு அடுத்த சனிக்கிழமை, சரியாக எட்டு மணிக்கு மகள் அழைத்தாள், ஆசிரியரின் தொலைபேசியில். பக்கத்தில் அந்தத் தாய். இந்த வயதில் மறுபடியும் குன்று ஏறி வந்திருந்தாள். பன்றி நன்றாக இருந்ததாம். நான் தெரிந்த சொற்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். தாய், வா, சாப்பிடு. அவள் எல்லாவற்றுக்கும் "ம்" என்றாள். என் கணவர் அன்று வீட்டில்தான். மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்து மாண்டரின் உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இவ ஒண்டு கேக்கிறா" என்றாள் மகள். "தாங்கள் அழுத அந்த மனிசன்ரை பேர் என்னவாம்? இவ்வளவு அழுதிட்டுப் பேர் தெரியாமல் இருக்கிறது சரியில்லையாம். உங்கடை வாயாலை கேக்கோணுமாம்."

நான் வாயைத் திறந்தேன். கணவர் உரிப்பதை நிறுத்தினார். குழாயில் ஒரு சொட்டு விழுந்தது கேட்டது. நான் வாயை மூடினேன். திரும்பத் திறந்தேன். கை தானாகப் போய் வாயைப் பொத்தியது.

"அம்மா?" என்றாள் மகள். "லைன் இருக்கோ?"

அப்போது மறுபக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு வாளித் தண்ணீர் கவிழ்ந்தது. அவள் சிரித்தாள். மூச்சு வாங்கி, இருமி, மகளின் தோளிலோ மரத்திலோ அடித்து அடித்துச் சிரித்தாள். ஒருவரும் அவளுக்கு ஒன்றும் மொழிபெயர்க்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது, மேசையில் தலையை வைத்துவிட்டேன். கணவர் மட்டும் ஒரு சுளையைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் சொல்லேல்லை, கவனிச்சீரோ?" என்றார்.

பிறகு அவள் அவசரமாக ஏதோ சொன்னாள்.

"போகோணுமாம், அம்மா" என்றாள் மகள். அவளுடைய பேனா கொப்பியில் ஓடுவது கேட்டது. "மேலை இருந்து வாறது வருதாம். உடுப்பு காயப் போட்டிருக்கிறாவாம்."

"ஓம், ஓம்" என்றேன். "ஓடிப்போய் எடுக்கச் சொல்லு."